ஐப்பசி மழை விட்டுப்போன மாலை

எனக்கு அதிகம் பேச வராது. எழுதவும் வராது. பூக்கட்ட வரும். சங்கரன்கோவில் பூ மார்க்கெட் ஓரத்தில் கடை. நானும் வீட்டுக்காரியும் கட்டுகிறோம். கல்யாண மாலை, சாமி மாலை, சாவு விழுந்தால் கேத வீட்டு மாலை, கட்சிக்காரர்கள் மாலை. எல்லாம் ஒரே கைதான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலைக்கு ரெண்டு சரம். இடது சரம் அவளுக்கு, வலது எனக்கு. எதிரெதிரே உட்காருவோம். அவள் வெள்ளை வைத்தால் நானும் வெள்ளை. அவள் சிவப்பு வைத்தால் நானும் சிவப்பு. பேச்சு கிடையாது. அவள் கையைப் பார்ப்பேன். என் கை அதையே செய்யும். முடித்துத் தூக்கிப் பிடித்தால் ரெண்டு சரமும் ஒன்றுபோல இருக்கும். இல்லையென்றால் அது மாலை இல்லை. மாப்பிள்ளையே போட மாட்டான்.

இந்த வழக்கத்தால்தான் போன புரட்டாசியில் நான் ஒரு காலேஜில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. இன்னும் மார்க்கெட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சென்னையிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். ஒரு தம்பி, ஒரு பொம்பளைப் பிள்ளை. தம்பிக்குத் தாடி. பிள்ளை கையில் கம்ப்யூட்டர். தம்பி படம் போடுகிறவர். பிள்ளை கணக்குப் படித்தது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வேலை செய்வார்களாம். விஞ்ஞானத்தையும் டேட்டாவையும் வைத்து, கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்வது. டேட்டா என்றால் போனில் தீர்ந்துபோகிறது என்றுதான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். பிள்ளை சிரித்தது. தம்பி அதைக் குறித்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு மாலை வேணும் அண்ணாச்சி" என்றார் தம்பி.

"யாருக்குப் போடப் போறீய?" இது வீட்டுக்காரி.

"யாருக்கும் இல்லை. போன வருஷத்துக்கு."

"வருசத்துக்கா? அது போயிருச்சே. அப்போ கேத மாலைன்னு சொல்லுங்க."

பிறகு விளக்கினார்கள். போன வருஷம் எங்கள் ஊரில் அடித்த வெயிலும் பெய்த மழையும் மாலையில் தெரிய வேண்டும். ஒரு வரிசைப் பூ ஒரு நாள். சாதாரண நாளுக்கு வெள்ளைச் சம்பங்கி. வெயில் நாளுக்கு மஞ்சள் செவ்வந்தி. மண்டை காயும் வெயிலுக்குச் சிவப்பு அரளி. மழை பெய்த நாளுக்குத் துளசி. இடது தோளில் ஜனவரி தொடங்கும். ஜூனில் குஞ்சத்துக்கு வரும். அங்கேயிருந்து வலது சரத்தில் ஏறி டிசம்பரில் வலது தோளுக்குப் போய்விடும். நாங்கள் தை, ஆனி, மார்கழி என்று வைத்துக்கொண்டோம். உத்தரத்தில் கட்டினால் தரைக்கு வருகிற நீளம். ஊருக்கு வெளியே ஒரு காலேஜில் ஹால் எடுத்திருந்தார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை அன்று அங்கே தொங்க வேண்டும்.

கேட்டால் ஒன்றும் கஷ்டமில்லை. கட்டித் தருகிறோம் என்றேன்.

அந்த வாரம் முழுக்க ரெண்டு பேரும் கடையிலேயே கிடந்தார்கள். அவர்கள் வாயில் 'நான்' வராது. எதற்கெடுத்தாலும் 'நாங்க'தான். ஒருநாள் பிள்ளைக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. தம்பி வந்து, "எங்களுக்கு ஜலதோஷம் அக்கா, சுக்குக் காப்பி கிடைக்குமா?" என்றார். வீட்டுக்காரி அவர் மூக்கைப் பார்த்தாள். நல்லாத்தான் இருந்தது.

பக்கத்துக் கடையில் துளசி விற்கிற மதினி விடவில்லை.

"ரெண்டு பேரும் என்ன முறை?"

"சேர்ந்து வேலை செய்றோம்மா."

"அது தெரியுது. என்ன முறை?"

"கூட்டாளிங்க."

"கூட்டாளின்னா கடைக்குல்லா இருப்பாவ. கடை எங்க?"

தம்பி தாடியைச் சொறிந்தார். பிள்ளை கம்ப்யூட்டருக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

சண்டையும் சேர்ந்துதான் போடுவார்கள். தம்பிக்குச் சரத்தின் நடுவில் ஒரு ரோஜா வைக்க ஆசை. பார்க்க நல்லா இருக்கும் என்றார். பிள்ளை, அன்றைக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மேகம்கூட இல்லை, எதை வைத்து ரோஜா என்றது. சண்டை மத்தியானம் தொடங்கியது. நாங்கள் ரெண்டு கல்யாண மாலை கட்டி முடித்தோம். இன்னும் அதே ரோஜா. கடைசியில் ரோஜா தோற்றது. வீட்டுக்காரி அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் வேணாம்னா எனக்கு இருக்கட்டு."

அடுத்த நாள் குஞ்சத்துக்குச் சண்டை. குஞ்சத்தில் எந்த நாளும் இல்லை, அதனால் குஞ்சம் கூடாது என்றது பிள்ளை. குஞ்சம் இல்லாவிட்டால் அது மாலை இல்லை, கயிறு என்று நான் சொன்னேன். தம்பி என் பக்கம். முடிவில் பூவே இல்லாமல் வெறும் வாழைநாரில் குஞ்சம் வைப்பது என்று ஆனது. என் தொழிலில் பூ இல்லாத குஞ்சம் நான் பார்த்ததில்லை. கட்டினேன்.

இவர்கள் எப்படி இத்தனை நாள் சேர்ந்து இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது.

தம்பி ஏணி பார்க்கக் காலேஜுக்குப் போயிருந்தார். பிள்ளை வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். பேசாத ஆளை யாரும் ஆளாக எண்ணுவதில்லை.

"இதுதான் அக்கா எங்க கடைசி வேலை."

"ஏன் தாயி?"

"பெங்களூர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. இது முடிஞ்சதும் போகணும்."

எனக்கு என்றது. எங்களுக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்காரி கையிலிருந்த பூவை வைத்துவிட்டாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"சொல்லலை. மாலை முடியட்டும்னு இருக்கேன்."

"சண்டையா?"

"சண்டை எப்பவும்தான். அதில்லைக்கா. நான்தான் எல்லாத்தையும் சரியா இருக்கான்னு பார்க்கிறேன். அவனுக்கு அழகா இருந்தாப் போதும். நான் பார்க்காட்டி யாருமே பார்க்க மாட்டாங்கன்னு தோணுது. அலுத்துப்போச்சு."

அது போன பிறகு வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"பாவம்லா அந்தத் தம்பி. நாங்க நாங்கன்னு சொல்லிக்கிட்டு அலையுதாரு. ஒண்ணும் தெரியாது."

"ம்."

"பிரிஞ்சிருவாவளோ?"

"நாரை எடு."

"உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க."

ஆனால் மறுநாள் தம்பி வந்து, "நாங்க அடுத்த வருஷம் காத்தை வச்சு ஒண்ணு பண்ணலாம்னு இருக்கோம்" என்றபோது, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பங்கிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டத் தொடங்கினோம். தம்பி ரெண்டு நீளத் தாள் கொண்டுவந்தார். வரிசை வரிசையாகப் பூக்களின் நிறத்திலேயே வண்ணம் பூசியிருந்தார். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அவரவர் பக்கத்துக் கம்பில் ஒட்டினார். இதைப் பார்த்துக் கட்டினால் போதும் என்றார். பிள்ளை ரெண்டு தடவை சரிபார்த்தது. பிறகு ரெண்டு பேரும் விளக்கு மாட்டக் காலேஜுக்குப் போனார்கள்.

முதலில் தாளைப் பார்த்துத்தான் கட்டினேன். பொய் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் போனதும் கை தன் பாட்டுக்கு வேலையை எடுத்துக்கொண்டது. அவள் மஞ்சள் வைத்தாள். நான் மஞ்சள் வைத்தேன். அவள் சிவப்பு. நான் சிவப்பு. நல்ல வேகம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது.

"ஏங்க, துளசி இம்புட்டு மிஞ்சுதே?" என்றாள்.

"கூட வாங்கியிருப்பாவ."

"அந்தப் பிள்ளை கணக்குப் பாத்துல்லா வாங்கிச்சி."

"நாளைக்குப் புரட்டாசிச் சனி. மதினிக்குக் குடு. பெருமாள் கோயிலுக்கு ஆகும்."

பக்கத்துக் கடை மதினிக்குச் சந்தோஷம். முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள். நாங்கள் மாலையைச் சுருட்டி, வாழையிலையில் வைத்து, ஈரச் சாக்கால் மூடினோம்.

சனிக்கிழமை காலையில் காலேஜ் ஹாலுக்குக் கொண்டுபோனோம். தம்பி ஏணியில் ஏறினார். உத்தரத்தில் ரெண்டு கொக்கி. ரெண்டு தோளையும் மாட்டினார். மாலை இறங்கியது. நான் கட்டியதிலேயே பெரிய மாலை அதுதான். ரெண்டு சரமும் ஒரு பூ பிசகாமல் ஒன்றுபோல நின்றது. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பிள்ளை கீழே நின்று பார்த்தது. கிட்டே வந்தது. வலது சரத்தை அடியிலிருந்து மேலே வரைக்கும் பார்த்தது.

"அண்ணாச்சி, ஐப்பசி மழை எங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் சரத்தில் ஆடி இல்லை, ஐப்பசி இல்லை, கார்த்திகை இல்லை. அவளுடைய தை மாசத்திலிருந்து ஆனி வரைக்கும்தான் இந்தப் பக்கமும் ஒருமுறை வந்திருக்கிறது. சித்திரை வெயில் ரெண்டு தடவை. மழை எங்கேயோ ஒரு துளி. அந்த வருஷத்து ஐப்பசியில் எங்கள் கடைத் தார்ப்பாய் கிழிந்து பூவெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அந்த மழையே மாலையில் இல்லை.

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "என் கையைப் பாத்துக் கட்டுனீயளா?"

நான் ஈரச் சாக்கை மடித்தேன்.

"தாள் ஒட்டியிருந்துச்சில்லா?"

"ம்."

"அப்ப அந்தத் துளசி?"

"ம்."

"பெஞ்ச மழையைத் தூக்கி மதினிக்குக் குடுத்துட்டு வந்திருக்காரு. கர்ணன்."

தம்பி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான். பிள்ளை சண்டை பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு ரோஜாவுக்கு ஒரு மத்தியானம் சண்டை போட்ட பிள்ளை. அது மாலையை விட்டு விலகி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

"விடு. இப்படியே இருக்கட்டும். அழகாத்தானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது" என்றது.

வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள். "மனசு போயிருச்சி" என்றாள் என் காதுக்குள். "பிள்ளை ஏற்கெனவே பெங்களூர்ல இருக்கு."

தம்பி இறங்கவில்லை. ஏணியிலிருந்தே பார்த்தார்.

"இல்லை. இது தப்பு."

"நீயா சொல்றே?"

"அண்ணாச்சி கட்டினது அழகுதான். ஆனா மழை பெஞ்சிருக்கு. பெய்யலைன்னு எப்படித் தொங்கவிடறது?"

"உனக்கு எதுக்கு இது? நீதான் நம்பரே பார்க்க மாட்டியே."

"நீ பார்ப்பேன்னுதான் நான் பார்க்கிறதில்லை. இன்னைக்கு நீ பார்க்கலையே. அப்ப நான்தானே பார்க்கணும்."

தம்பி வலது தோளைக் கொக்கியிலிருந்து கழற்றினார். என் சரம் தரையில் விழுந்தது. அவரே உட்கார்ந்து அதைப் பிரித்தார். வெள்ளை தனியாக, மஞ்சள் தனியாக வைத்தார். பிரிக்கத் தெரியவில்லை. பாதிப் பூ காம்போடு போனது. பார்க்கச் சகிக்காமல் நானும் உட்கார்ந்து பிரித்தேன்.

வெள்ளை இருந்தது. மழைக்குத்தான் பச்சை இல்லை. தம்பி என் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். மதினி துளசியை விடியும் முன்பே விற்றுவிட்டாளாம். வேறு எங்கும் இல்லை. எல்லாம் பெருமாளுக்குப் போய்விட்டது. கொஞ்சம் மரிக்கொழுந்து மட்டும் கிடைத்தது என்று கொண்டுவந்தார். அது ஐப்பசி வரைக்கும் வரும். கார்த்திகைக்குக் காணாது. ஹாலை விட்டு மறுபடி ஓடினார். திரும்பி வரும்போது காலேஜ் கேண்டீனிலிருந்து ஒரு கட்டுக் கறிவேப்பிலை. அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தாடியெல்லாம் வேர்வை.

"பச்சைதானே? இது ஆகுமா?" என்று பிள்ளையைக் கேட்டார்.

பிள்ளை அவரைப் பார்த்தது. கறிவேப்பிலையைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து போனை எடுத்தது.

"நான் நாள் நாளா வாசிக்கிறேன். நீ எடுத்துக் குடு. அண்ணாச்சி கட்டட்டும்."

நான் நாரை எடுத்தேன். "இருங்க" என்றாள் வீட்டுக்காரி. "இங்கன உக்காந்தா அந்தச் சரம் கண்ணுல படும். மறுபடி அதே கதைதான். அங்கிட்டுத் திரும்புங்க."

"எங்கிட்டு?"

"சுவரைப் பாத்து."

உட்கார்ந்தேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். அவள் கையும் தெரியாது, சரமும் தெரியாது. முதுகுக்குப் பின்னாலிருந்து பிள்ளை வாசித்தது. வெள்ளை. வெள்ளை. மஞ்சள். பச்சை. தம்பி ஒவ்வொன்றாக என் தோளுக்கு மேல் நீட்டினார். எதிரே ஆள் இல்லாமல் கட்டி எனக்குப் பழக்கம் இல்லை. கை தடுமாறியது. முதல் சில வரிசை புதிதாகப் படிக்கிற ஆள் கட்டுகிற மாதிரி வந்தது. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, "தளர்ந்திருக்கு, இறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்படி இருக்கும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். வாத்தியார்கள், படிக்கிற பிள்ளைகள், செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ரெண்டு மூன்று வயசானவர்கள். உள்ளே வந்தால், ஒரு பக்கம் மட்டும் தொங்குகிற மாலை. தரையில் பூ. சுவரைப் பார்த்து ஒரு ஆள். சத்தமே இல்லாமல் சுற்றி நின்றார்கள். இதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒரு வாத்தியார் குனிந்து தம்பியிடம், "இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இயற்கைக்கு மனிதன் முதுகைக் காட்டுவதைக் குறிக்கிறதா?" என்று கேட்டார்.

தம்பி விழித்தார். வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் இல்ல சார். பக்கத்துல பாத்து எழுதுனதுக்குத் தண்டனை."

ஹாலே சிரித்தது. வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் சரம் கண்ணில் படும்.

கார்த்திகை வந்தபோது ஹாலில் கறிவேப்பிலை வாசம் அடித்தது. யாரோ ஒரு பையன், "மழையைத் தாளிச்சிட்டாவலே" என்றான். பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தது. அந்த வாரத்தில் அது அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடிந்ததும் எந்த நாளில் விட்டோம் என்று அதற்கே தெரியவில்லை. தம்பிதான் சொன்னார்.

"கார்த்திகை இருபது. பச்சை."

"நீ பார்த்துக்கிட்டா வர்றே?"

"பின்னே."

பிள்ளை போனைப் பார்த்தது. பிறகு, "இருபத்தொண்ணு. வெள்ளை" என்றது.

மத்தியானத்துக்கு மேல் முடிந்தது. தம்பி ஏறி மாட்டினார். இடது பக்கம் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து கிடந்தது. வலது பக்கம் பச்சை. ரெண்டு சரத்துக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பச்சைப் பக்கம் கனம் கூடி மாலை கொஞ்சம் சாய்ந்தே நின்றது. என் கடையில் யாராவது இப்படிக் கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லியிருப்பேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் குஞ்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் நார்.

கிளம்பும்போது வீட்டுக்காரி பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "சொல்லியாச்சா?" என்று கேட்டாள். அது தலையை ஆட்டியது. சொன்னேன் என்றா, சொல்லவில்லை என்றா என்று இவளுக்குப் புரியவில்லை. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அதற்கு மேல் தெரியவில்லை. வீட்டுக்காரிக்குத் தூக்கமில்லை. ஐப்பசியில் மழை பிடித்தபோதும், "போயிருக்குமோ?" என்றாள். கார்த்திகையிலும் கேட்டாள். நான் நாரை எடு என்றேன்.

பொங்கல் கழிந்து போன் வந்தது. பிள்ளையின் நம்பர். என் கை ஈரமாக இருந்ததால் வீட்டுக்காரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாங்கதான் பேசுறோம்" என்றது பிள்ளை.

வீட்டுக்காரிக்கு நிதானம் போய்விட்டது. "ஏ பிள்ள, நல்லாருக்கியா? அந்தப் பெங்களூர் வேலை என்னாச்சி?"

அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டது.

"என்ன வேலை?"

வீட்டுக்காரி நாக்கைக் கடித்தாள். போனை என் மடியில் போட்டுவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டாள். அவர்கள் ரெண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

"பெங்களூர்ல என்ன வேலை?"

"அது ஒண்ணுமில்லை. பழசு."

"எப்போ?"

"புரட்டாசியில."

"போறதா இருந்தியா?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நீ கறிவேப்பிலை வாங்கிட்டு வந்தே."

எனக்குப் போனை வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மடியில் செவ்வந்தி வாடிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றார் தம்பி.

"இப்பதான் அக்கா சொல்லிட்டாங்களே."

தம்பி சிரித்தாரா தும்மினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அடுத்தது காத்து. நாங்க ஆனியில வர்றோம். ஆடிக்காத்துக்கு முன்னாடி. எங்களுக்கு இன்னொரு மாலை வேணும்."

"வாங்க."

வீட்டுக்காரி தராசுப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள். "நல்ல சுவரு இருக்கிற இடமாப் பாக்கச் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன்.